மெல்லிசு வேறு, லேசு வேறு

எந்த லேப்டாப் விளம்பரத்தை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். பெட்டி முதலில் நேராக வராது, பக்கவாட்டில்தான் வரும். கறுப்புப் பின்னணி, ஓரத்தில் ஒரு ஒளிக்கீற்று, கத்தி மாதிரி ஒரு விளிம்பு, பக்கத்தில் இத்தனை மில்லிமீட்டர் என்று ஓர் எண். சரி, வாங்கிய பிறகு அந்தக் கோணத்தில் நம் லேப்டாப்பை எத்தனை முறை பார்க்கிறோம்? திரையைப் பார்க்கிறோம், கீபோர்டைப் பார்க்கிறோம். விளிம்பைப் பார்ப்பது பென் டிரைவ் செருக இடம் தேடும்போது மட்டும்தான். அப்போதும் பெரும்பாலும் திட்டிக்கொண்டுதான் பார்க்கிறோம்.

நம் வகுப்பில் புது லேப்டாப் வாங்கப்போகிறவர்கள் ஏழெட்டுப் பேராவது இருக்கிறார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஸ்லிம்மா எது இருக்கு?" ஏன் ஸ்லிம் வேண்டும் என்று திருப்பிக் கேட்டால் வரும் பதில், "தூக்கிட்டு வரணும்ல!" இங்கேதான் எனக்கு இடிக்கிறது. தூக்கிக்கொண்டு வருவதற்கு வேண்டியது லேசான பெட்டி. மெல்லிசான பெட்டி இல்லை. தமிழில் இந்த இரண்டுக்கும் தனித்தனி வார்த்தை இருந்தும், கடைக்குள் நுழைந்தவுடன் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம்.

உங்கள் பையையே திறந்து பாருங்களேன். டிபன் பாக்ஸ் ஐந்தாறு சென்டிமீட்டர், தண்ணீர் பாட்டில் ஏழு சென்டிமீட்டர். இதற்கு நடுவே செருகும் லேப்டாப் 13 மில்லிமீட்டரா, 20 மில்லிமீட்டரா என்பது பைக்குத் தெரியாது. ஆனால் அது 1 கிலோவா, 1.6 கிலோவா என்பது பஸ்ஸில் நின்றுகொண்டே வரும் தோளுக்கு நன்றாகத் தெரியும். எடைக்காக எதையாவது விட்டுக்கொடுத்தால் அதில் நியாயம் இருக்கிறது. தடிமனுக்காக விட்டுக்கொடுப்பதைப் பற்றித்தான் என் புகார் எல்லாம்.

இந்த மோகம் எங்கே ஆரம்பித்தது என்று பலர் 2008 ஜனவரியைக் காட்டுவார்கள். மேக்வேர்ல்டு மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு பழுப்பு நிற ஆபீஸ் உறையைப் பிரித்து அதற்குள்ளிருந்து மேக்புக் ஏரை உருவினாரே, அந்தக் காட்சி. உண்மையில் ஓட்டம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. மிட்சுபிஷி 1998 வாக்கிலேயே பீடியன் என்று சுமார் 18 மி.மீ. தடிமனில் ஒன்றை விற்றுப் பார்த்தது. ஏரின் தடித்த பகுதி 19.4 மி.மீ. ஆக, 'உலகிலேயே மெல்லிய நோட்புக்' என்று ஆப்பிள் அறிவித்த பெட்டியைவிட மெல்லிசான ஒன்று பத்து வருடம் முன்னாடியே வந்து, விலை தாங்காமல், ஓடாமல், காணாமலும் போய்விட்டது. சோனியும் 2004 வாக்கில் எக்ஸ்505 என்று முன் விளிம்பு ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத ஒன்றைக் கொண்டுவந்தது. ஆனால் இவர்கள் யாருக்கும் அந்த உறை தோன்றவில்லை. ஒரு உறை செய்த வேலையை நூறு பக்கத் தொழில்நுட்பக் குறிப்பு செய்யாது.

அந்த முதல் ஏரில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று இன்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். யுஎஸ்பி துளை ஒன்றே ஒன்று. அதுவும் விளிம்பு வளைந்து போவதால், கீழே மடிந்து திறக்கும் ஒரு குட்டிக் கதவுக்குள். கொஞ்சம் பருமனான பென் டிரைவ் என்றால் அதற்குள் நுழையாது. ஈதர்நெட் இல்லை. சிடி டிரைவ் இல்லை. வேண்டுமானால் பக்கத்துக் கணினியின் டிரைவை வைஃபை வழியாகக் கடன் வாங்கிக்கொள்ளலாம். ரேம் 2 ஜிபி, மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தது. பேட்டரியைக் கையால் கழற்ற முடியாது. வன்தட்டு 80 ஜிபி, நிமிடத்துக்கு 4200 சுற்று மட்டுமே சுற்றும் 1.8 அங்குலக் குட்டித் தட்டு. 64 ஜிபி எஸ்எஸ்டியும் சற்று வேகமான புராசஸரும் வேண்டுமென்றால் 1,799 டாலர் பெட்டி 3,098 டாலர் ஆகிவிடும். எடை 1.36 கிலோ.

ஒரு மாதம் கழித்து லெனோவோ திங்க்பேட் எக்ஸ்300 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதே 13.3 அங்குலத் திரை. மூன்று யுஎஸ்பி, ஈதர்நெட், விஜிஏ, டிவிடி டிரைவ், கழற்றி மாட்டும் பேட்டரி, எல்லா மாடலிலும் எஸ்எஸ்டி. தடிமன் முன்பக்கம் 18.6 மி.மீ., பின்பக்கம் 23.4 மி.மீ. எடை? சின்ன பேட்டரியோடு சுமார் 1.3 கிலோவிலிருந்து ஆரம்பம். டிவிடி டிரைவும் பெரிய பேட்டரியும் போட்டால் ஒன்றரை கிலோவை ஒட்டி வரும். அதாவது எக்ஸ்300-க்கும் ஏருக்கும் தடித்த இடத்தில் உள்ள வித்தியாசம் 4 மி.மீ. மட்டுமே. இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களை அடுக்கினாலே கிட்டத்தட்ட அந்த உயரம் வந்துவிடும். அந்த 4 மி.மீ.க்குள்தான் மேலே சொன்ன பட்டியல் முழுக்க அடங்கியிருந்தது. விலை ஏரின் அடிப்படை மாடலைவிட அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஓரவஞ்சனை ஆகிவிடும்.

யார் ஜெயித்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை. எக்ஸ்300-க்கு எக்ஸ்301 என்று ஒரு தம்பி வந்தது, அதோடு அந்த வம்சம் முடிந்தது. அதில் எனக்குப் பெரிய வருத்தம் எது என்றால், 2012-ல் லெனோவோவே எக்ஸ்1 கார்பன் கொண்டுவந்தபோது அதில் ஈதர்நெட் துளை இல்லை, ரேம் பற்றவைத்தது, பேட்டரி உள்ளேயே பூட்டியது. நான்கு வருடம் முன்பு எதைக் காட்டி ஏரைக் கிண்டல் செய்தார்களோ, அதையே செய்தார்கள். சந்தை சொல்லிக்கொடுத்த பாடம்! இடையில் 2011-ல் இன்டெல் 'அல்ட்ராபுக்' என்று ஒரு பெயரை உருவாக்கி, தடிமனுக்கு உச்சவரம்பும் போட்டு, அதற்காகவே 30 கோடி டாலர் நிதியும் ஒதுக்கியது. பிறகு யார் தடிமனாகச் செய்வார்கள்?

இனி கொஞ்சம் பொறியியல். பயப்படாதீர்கள், முதலாண்டு மெக்கானிக்ஸ் பேப்பரில் பார்டரில் பாஸானவர்களுக்கும் புரியும்.

ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலைப் படுக்கவைத்து வளைத்துப் பாருங்கள், சுலபமாக வளையும். நிற்கவைத்து வளைத்தால் அசையாது. ஸ்கேல் அதே ஸ்கேல்தான், எடையும் அதேதான். ஒரு தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தோடு போகிறது. தடிமனைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். இதை லேப்டாப்புக்குப் பொருத்திப் பாருங்கள். உடம்பை மெல்லிசாக்க ஆக்க அது வளைய ஆரம்பிக்கும். வளைந்தால் மதர்போர்டில் பற்றவைப்பு விட்டுப்போகும், திரை கீறல் விடும். அதைத் தடுக்க என்ன செய்ய வேண்டும்? கெட்டியான உலோகம் போட வேண்டும். அலுமினியக் கட்டியைக் குடைந்து உடம்பு செய்ய வேண்டும். உலோகம் எடை. ஆக, ஒரு எல்லைக்குமேல் மெல்லிசாக்குவது எடையைக் குறைக்காது, கூட்டவும் செய்யலாம். மெல்லிசானால் லேசாகும் என்று நாம் நினைப்பதற்கு நேர் எதிர்.

இதை நம்பாதவர்கள் ஜப்பானைப் பார்க்க வேண்டும். பானசோனிக் அங்கே 'லெட்ஸ் நோட்' என்று ஒரு வரிசையை விற்கிறது. வெளிநாடுகளில் பெரிதாக யாருக்கும் தெரியாது. பார்க்க அவ்வளவு அழகும் இல்லை. வட்டமான டச்பேட், மேல்மூடியில் மேடு பள்ளமாக வரிகள், ஏதோ தகரக் கூரையை மடித்து வைத்தது மாதிரி. ஆனால் அந்த வரிகள் அலங்காரம் இல்லை. தட்டையான தகரம் வளையும், நெளிவு போட்ட தகரம் வளையாது; அதே கணக்கு. டோக்கியோ ரயிலில் ஆள்மேல் ஆள் நசுங்கிப் போகும்போது பைக்குள் இருக்கும் கணினி நொறுங்கக் கூடாது என்று 100 கிலோ அழுத்தத்தில் வைத்துச் சோதித்ததாக அந்த நிறுவனம் விளம்பரம் செய்கிறது.

2015-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த வருடம் ஆப்பிள் 12 அங்குல மேக்புக்கை வெளியிட்டது. 13.1 மி.மீ. தடிமன், 920 கிராம். ஹெட்போன் துளையை விட்டால் அதில் இருந்தது ஒரே ஒரு யுஎஸ்பி-சி துளை. சார்ஜ் போட்டால் பென் டிரைவ் இல்லை, பென் டிரைவ் போட்டால் சார்ஜ் இல்லை. அதே வருடம் பானசோனிக் எஸ்இசட்5 என்று 12.1 அங்குல லெட்ஸ் நோட் ஒன்றைக் கொண்டுவந்தது. தடிமன் சுமார் 25 மி.மீ. அதில் டிவிடி டிரைவ் இருந்தது, விஜிஏ இருந்தது, எச்டிஎம்ஐ இருந்தது, ஈதர்நெட் இருந்தது, மூன்று யுஎஸ்பி இருந்தது, பேட்டரியைக் கையால் கழற்றி வேறு மாட்டலாம். சின்ன பேட்டரியோடு அதன் எடை எவ்வளவு தெரியுமா? சுமார் 930 கிராம்.

பத்து கிராம் வித்தியாசம். ஒரு டிவிடி டிரைவும் அரை டஜன் துளைகளும் பத்து கிராமுக்குள்.

எனக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் தேவையில்லை. மேக்புக்கின் திரை இன்னும் நுணுக்கமானது, ஓசை இல்லாதது, பார்க்க நகை மாதிரி இருந்தது, எல்லாம் சரி. லெட்ஸ் நோட் விலையும் ஜாஸ்தி. ஆனால் 'லேசாக இருக்க வேண்டுமென்றால் இதையெல்லாம் எடுத்துத்தான் ஆக வேண்டும்' என்று நமக்குச் சொல்லப்படுகிறதே, அது உண்மை இல்லை என்பதற்கு ஒரு பெட்டி போதும். நாளெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு அலையும் சேல்ஸ் ஆட்கள் அங்கே வாங்குவது அதைத்தான். கொரியாவின் எல்ஜியும் பிறகு கிராம் வரிசையில் இதே பாதையில் போனது. 2018-ன் 14 அங்குல கிராம் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கீழே, 16.5 மி.மீ., எச்டிஎம்ஐ உண்டு, 72 வாட்-மணி பேட்டரி. மெல்லிசில் உலக சாதனை எதுவும் இல்லை. அதனால்தான் அவ்வளவு பெரிய பேட்டரிக்கு இடம் கிடைத்தது.

பேட்டரி என்றதும் நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தோராயம்தான், சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன லேப்டாப்பின் பரப்பு ஏறக்குறைய ஒரு ஏ4 தாள். அதில் பாதியைப் பேட்டரிக்கு ஒதுக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்; சுமார் 310 சதுர செ.மீ. இதில் 1 மி.மீ. உயரம் கூட்டினால் 31 கன செ.மீ. இடம் கிடைக்கும். லித்தியம் அயன் செல் லிட்டருக்குச் சுமார் 500 வாட்-மணி என்று வைத்தால், அந்த ஒரு மில்லிமீட்டரில் 15 வாட்-மணி உட்கார்ந்துவிடும். சாதாரண பிரவுசிங், டைப்பிங்குக்கு 6 அல்லது 7 வாட் செலவாகும் பெட்டி என்றால் இரண்டு மணி நேரம் கூடுதல். ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு மணி நேரம்! எடை என்னவோ 60, 70 கிராம் கூடும், மறுக்கவில்லை. ஆனால் சார்ஜரை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாமே. சார்ஜர் அதைப்போல மூன்று மடங்கு எடை.

சூடும் இப்படித்தான். மெல்லிசான உடம்பில் மெல்லிசான ஃபேன்தான் போட முடியும். மெல்லிசான ஃபேன் அதே காற்றைத் தள்ள வேகமாகச் சுற்ற வேண்டும், வேகமாகச் சுற்றினால் இரையும். ஃபேன் எங்கே தோற்கிறதோ அங்கே புராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 2018-ல் 15.5 மி.மீ. மேக்புக் புரோவுக்குள் ஆறு கோர் ஐ9 போட்டு விற்றார்கள். டேவ் லீ என்ற யூடியூபர் ஒரு வீடியோவை அதில் ரெண்டர் செய்து பார்த்தார். முந்தைய வருட ஐ7 மாடலைவிட மெதுவாக ஓடியது. பிறகு லேப்டாப்பை ஃபிரீசருக்குள் வைத்து ஓட்டினார், நேரம் மளமளவென்று குறைந்தது. சில நாட்களில் ஆப்பிள் ஒரு மென்பொருள் பிழை என்று சொல்லித் திருத்தம் வெளியிட்டது, நிலைமையும் சீரானது. ஆனால் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் லேப்டாப் என்ற அந்தக் காட்சி எனக்கு இன்னும் மறக்கவில்லை :-)

இதற்கெல்லாம் உச்சம் கீபோர்டு கதை. அந்த 2015 மேக்புக்குக்காக ஆப்பிள் 'பட்டர்ஃபிளை' என்று ஒரு புது விசை அமைப்பைச் செய்தது. பழைய கத்தரி அமைப்பைவிட 40 சதவீதம் மெல்லிசு என்று பெருமையாக அறிவித்தார்கள். விசை கீழே இறங்கும் தூரம் அரை மில்லிமீட்டர் அளவுதான். மேஜையைத் தட்டுவது மாதிரி இருக்கும். அது பழகிவிடும், பரவாயில்லை. பழகாதது தூசி. விசைக்கு அடியில் ஒரு துகள் போய்விட்டால் அந்த எழுத்து வராது, அல்லது இரண்டு தடவை வரும். அடுத்த வருடமே இதைப் புரோ மாடல்களுக்கும் போட்டுவிட்டார்கள். எழுத்தாளர்களும் புரோகிராமர்களும் வாங்கும் மாடல்!

2019 மார்ச்சில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் ஜோனா ஸ்டெர்ன் என்ற பத்தியாளர், தன் லேப்டாப்பில் ஒழுங்காக வராத எழுத்துகளை விட்டுவிட்டே ஒரு கட்டுரை எழுதி வெளியிட்டார். படித்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் சிரிக்க முடியாத விஷயம் அடியில் இருக்கிறது. அந்தக் கீபோர்டு உடம்பின் மேல்பாகத்தோடு சேர்த்து அடிக்கப்பட்டது. பேட்டரி அதே மேல்பாகத்தில் பசை போட்டு ஒட்டப்பட்டது. ஒரு விசையில் தூசி என்றால் பல நேரங்களில் கீபோர்டு, மேல்பாகம், பேட்டரி எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டியிருந்தது. கொசு அடிக்க வீட்டை இடித்த கதை. 2018 ஜூனில் ஆப்பிள் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவித்தது. அமெரிக்காவில் வழக்கு நடந்து, 2022-ல் 5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. கீபோர்டு மட்டும் தனியாகக் கழற்றும்படி, ஓரிரு மில்லிமீட்டர் தாராளமாகச் செய்திருந்தால் இத்தனை கூத்தும் நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, நமக்கென்ன என்று கேட்காதீர்கள். என் பெரியம்மா மகன், எங்கள் அண்ணன், முதல் சம்பளத்தில் ஒரு மெல்லிய லேப்டாப் வாங்கினான். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். மூன்றாம் வருடம் டச்பேட் அழுந்த மறுத்தது. பார்த்தால் லேசாகப் புடைத்திருக்கிறது. பேட்டரி உப்பி, அதற்கு ஒதுங்க இடமில்லாமல், மேலே இருந்த டச்பேடை முட்டிக்கொண்டு நின்றது. சர்வீஸ் ஆட்கள் சொன்ன தொகை புது லேப்டாப் விலையில் பாதி, ஏனென்றால் பேட்டரி மட்டும் தனியாக மாற்ற முடியாதாம். "தம்பி, இதை வித்துட்டு வேற வாங்கிடுங்க" என்று இலவச ஆலோசனை வேறு. உப்பிய பேட்டரியை யாரிடம் விற்பது? பெரியம்மா கேட்ட கேள்விதான் சரியான கேள்வி: "டார்ச் லைட்டுல கட்டைய மாத்தலாம், இம்புட்டு விலை குடுத்த இதுல மாத்த முடியாதா?"

ரேமும் இதே ரகம். பற்றவைத்த ரேம் என்றால் வாங்கும் அன்றே நான்காவது வருடத் தேவையையும் யூகிக்க வேண்டும். முதல் வருடம் 8 ஜிபி தாராளம். கடைசி வருடம் புராஜெக்டுக்கு வர்ச்சுவல் மெஷின் மூன்று ஓட்ட வேண்டி வரும்போது? துளை இருந்தால் ஒரு ரேம் வாங்கிச் செருகலாம். இல்லையென்றால் முழு லேப்டாப்பையும் மாற்ற வேண்டும். வசதியுள்ளவர்கள் ஆரம்பத்திலேயே 32 ஜிபி வாங்கிவிடுவார்கள், கம்பெனிக்காரன் கேட்கும் விலையில். கஷ்டப்பட்டு 8 ஜிபி வாங்கியவனுக்குத்தான் கதவு மூடிக்கொள்கிறது. காசு குறைவாக இருப்பவன்தான் ஒரே பெட்டியை அதிக வருடம் ஓட்ட வேண்டியவன். அவனுக்குத்தான் கடையில் 'ஸ்டூடன்ட் ஸ்பெஷல்' என்று மெல்லிசானதைக் காட்டுகிறார்கள்.

நியாயத்துக்கு மறுபக்கமும் சொல்ல வேண்டும். மெல்லிசு மோகத்தால் நன்மையே இல்லை என்று சொன்னால் அது அழிச்சாட்டியம். சிடி டிரைவைத் தூக்கியது சரி. இன்று எனக்கு அது வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம். எஸ்எஸ்டி சீக்கிரம் எல்லோருக்கும் வந்ததில் இந்தப் பெட்டிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 2010 அக்டோபரில் வந்த 999 டாலர் ஏரில் சுற்றும் தட்டே கிடையாது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் சில்லுகளுக்கான ஆராய்ச்சியைத் தள்ளிவிட்டதும் இதுவே. பற்றவைத்த ரேமுக்குக்கூட மெல்லிசு மட்டும் காரணமில்லை: எல்பிடிடிஆர் வகை ரேம் மின்சாரம் குறைவாகக் குடிக்கும், ஆனால் பழைய துளையில் அது வேலை செய்யாது, புராசஸருக்கு மிக அருகில் பற்றவைத்தால்தான் ஓடும். இதற்கு இப்போது வழி பிறந்திருக்கிறது. திருகாணி போட்டு மாட்டும் எல்பிகேம்2 என்ற ரேம் பலகைக்கு 2023 இறுதியில் தரநிர்ணயம் வந்து, 2024-ல் திங்க்பேட் பி1-ல் இடம்பிடித்தது. எல்லா மாடலுக்கும் இறங்கி வரட்டும், முதல் ஆளாகக் கைதட்டுகிறேன்.

ஆனால் துளைகளை எடுத்ததற்கு மெல்லிசைக் காரணம் சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன். எச்டிஎம்ஐ பிளக்கின் உயரம் நாலரை மில்லிமீட்டர். சாதாரண யுஎஸ்பி பிளக்கும் நாலரைதான். 15 மி.மீ. பெட்டிக்குள் இது நுழையாதா? ஈதர்நெட்டுக்கு உயரம் வேண்டும், அதை மன்னித்துவிடலாம். மற்றவை விளிம்பு அழகுக்காகப் போனவை. போன துளைகள் எங்கே போயின? நம் பையின் இன்னொரு ஜிப்புக்குள் டாங்கிளாகப் போயின. அவற்றின் எடையை எந்த விளம்பரமும் சேர்த்துக் காட்டுவதில்லை. செமினார் நாளன்று டாங்கிள் யாரிடம் இருக்கிறது என்று ஹாஸ்டல் முழுக்க ஓடியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

வேடிக்கை என்னவென்றால், ஓட்டத்தை வேகப்படுத்தியவர்களே திரும்பி நடந்திருக்கிறார்கள். 2019 நவம்பரில் 16 அங்குல மேக்புக் புரோ பழைய கத்தரிக் கீபோர்டோடு வந்தது, தடிமன் 15.5-லிருந்து 16.2 மி.மீ., பேட்டரி விமானத்தில் பொதுவாக அனுமதிக்கும் எல்லையான 100 வாட்-மணி. 2021-ல் எச்டிஎம்ஐ திரும்பியது, எஸ்டி கார்டு துளை திரும்பியது, காந்தச் சார்ஜர் திரும்பியது, தடிமன் 16.8 மி.மீ. ஆனது. ஐந்து வருடம் மக்கள் கத்தியதற்குப் பலன்! 2020-ன் எம்1 ஏரைப் பாருங்கள், ஃபேன் இல்லாமலேயே நன்றாக ஓடியது. உடம்பை மெலியவைத்து அல்ல, சில்லின் பசியைக் குறைத்து. அதன் பின்பக்கத் தடிமன் 16.1 மி.மீ. அடுத்த வருடம் ஃபிரேம்வொர்க் என்ற புது நிறுவனம் 15.85 மி.மீ. பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தது. ரேம் துளை இரண்டு, பேட்டரி மாற்றலாம், கீபோர்டு மாற்றலாம், துளைகளைக்கூட நாமே எச்டிஎம்ஐ வேண்டுமா யுஎஸ்பி வேண்டுமா என்று மாற்றிச் செருகலாம். எடை 1.3 கிலோ. ஏரின் தடித்த இடத்தைவிட இது மெல்லிசு! முடியாது என்று இத்தனை வருடம் சொன்னவர்கள் யார்?

சரி, கடைக்குப் போகிறவர்களுக்கு: பெட்டியைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்க்காதீர்கள், ஒரு கையால் தூக்கிப் பாருங்கள், பிறகு தலைகீழாகத் திருப்புங்கள். அடிமூடியில் சாதாரணத் திருகாணிகள் இருக்கிறதா, ரேம் துளை உண்டா, பேட்டரி திருகாணியில் நிற்கிறதா பசையில் நிற்கிறதா என்று கேளுங்கள். விற்பனையாளருக்குப் பெரும்பாலும் தெரியாது, கோபித்துக்கொள்ள வேண்டாம். டெல், லெனோவோ, எச்பி எல்லாம் பல மாடல்களுக்குச் சர்வீஸ் மேனுவலை வலையில் இலவசமாகவே போட்டு வைத்திருக்கிறார்கள். கடையில் நின்றபடியே போனில் இறக்கி, 'பேட்டரி', 'மெமரி' என்ற இரண்டு பகுதிகளை மட்டும் படியுங்கள். பேட்டரியைக் கழற்றும் வழி ஒரு பக்கத்தில் முடிகிறது என்றால் வாங்குங்கள். கீபோர்டு, மதர்போர்டு, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் முதலில் கழற்றச் சொல்கிறது என்றால் பக்கத்து மேஜையில் இருக்கும் கொஞ்சம் குண்டானதைக் காட்டச் சொல்லுங்கள்.